நாலு சைட் ஓடுது, கையில் காசு இல்லை: கட்டடத் தொழிலில் லாபம் என்பது என்ன?

காரைக்குடியில் ஒரு கட்டட கான்ட்ராக்டரைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "சதுர அடிக்கு என்ன ரேட் போடுறாரு?" "எத்தனை சைட் ஓடுது?" ரேட்டும் கூட, சைட்டும் கூட என்றால் ஆள் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். தேவகோட்டையிலும் கோட்டையூரிலும் இதே பேச்சுதான். அதே கான்ட்ராக்டர் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட நாற்பதாயிரம் ரூபாய் யாரிடமாவது கைமாற்று கேட்டுக்கொண்டிருப்பார். அது டீக்கடைக்குத் தெரியாது.

நாலு சைட் ஓடுகிறவருக்கு நாற்பதாயிரம் ஏன் புரளவில்லை என்று புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி புரிந்த மாதிரி. சிவில் படித்துவிட்டுச் சொந்தமாக எடுத்துக் கட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கும், மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டராக மாறப் போகிறவர்களுக்கும் இது உதவும். வீடு கட்டக் கொடுக்கிறவர்களும் படிக்கலாம், தப்பில்லை. கீழே வரும் ரேட்டும் கூலியும் கணக்குச் சுலபமாக இருக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலைக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு

நம் பக்கம் விசேஷ வீட்டுச் சமையலை இலைக்கு இவ்வளவு என்று பேசி விடுவது உண்டு. இரண்டு சமையல்காரர்கள், ஒரே பட்டியல், ஒரே இலை ரேட். முதலாமவர் முந்தின நாள் சாயங்காலமே காய், தேங்காய், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் எண்ணி வைத்துவிடுகிறார். இரண்டாமவரிடம் ஆட்கள் விடியற்காலையே வந்துவிட்டார்கள், தேங்காய் வரவில்லை. பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அவசரத்தில் சோறு குழைந்து இன்னொரு உலை வைக்கிறார். பந்தி முடிந்தபோது முதலாமவர் மடியில் காசு இருக்கிறது. இரண்டாமவர் கைக்காசைப் போட்டிருக்கிறார். இலை ரேட் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சதுர அடி ரேட்டும் இப்படித்தான். அது உள்ளே வரும் பணத்துக்கு உச்ச வரம்பு, அவ்வளவுதான். லாபம் அந்த வரம்புக்குக் கீழே நாள்தோறும் நடக்கும் வேலையில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பந்தி இரண்டு நாளில் முடிந்துவிடும். வீடு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை இழுக்கும், இழுக்கும் ஒவ்வொரு மாதமும் தனிச் செலவு.

லாபத்தைப் பிரித்துப் பார்ப்போம்

1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,400 ரூபாய். மொத்தம் 24,00,000.

இந்த வீட்டுக்கென்றே ஆகும் செலவை நேரடிச் செலவு என்போம். செங்கல், சிமென்ட், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி, கம்பி, மரம், கூலி எல்லாம் இதில் வரும். பொருளுக்கு 13,20,000, கூலிக்கு 7,20,000, ஆக 20,40,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3,60,000. இதற்குப் பெயர் மொத்த லாபம். 24 லட்சத்தில் 15 சதவீதம்.

பெரும்பாலான பேர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரி ஒன்று இருக்கிறது: மேல்செலவு. எந்த வீட்டின் பெயரிலும் எழுத முடியாத, ஆனால் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும் செலவு அது. சூப்பர்வைசர் சம்பளம், ஆபீஸ் வாடகை, வண்டி பெட்ரோல், மிக்சர் மெஷின் ரிப்பேர், கடன் வட்டி, ஆடிட்டர் ஃபீஸ். மாதம் 40,000 என்று வையுங்கள். இரண்டு சைட் ஓடினால் ஒரு சைட்டின் பங்கு 20,000. ஆறு மாதத்தில் வீடு முடிந்தால் 1,20,000 போகும். மீதி 2,40,000. இதுதான் நிகர லாபம், 10 சதவீதம். கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியது இந்தப் பணம் மட்டுமே.

இப்போது அதே வீடு ஒன்பது மாதம் இழுக்கட்டும். மேல்செலவு 1,80,000 ஆகிறது, நிகர லாபம் 1,80,000 ஆகக் குறைகிறது. இழுத்ததால் கூலியும் பத்து சதவீதம் கூடிவிட்டது, 72,000 போனது. மீதி 1,08,000. நடுவில் வீட்டுக்காரர் கேட்ட சில்லறை வேலைகளை எழுதி வைக்காமல் செய்து கொடுத்ததில் 50,000. கடைசியில் நிற்பது 58,000 ரூபாய், இரண்டரை சதவீதத்துக்கும் கீழே.

யாரும் திருடவில்லை. சிமென்ட் விலை ஏறவில்லை. ரேட்டும் குறையவில்லை. 2,40,000 இருந்த இடத்தில் 58,000 நிற்கிறது.

சுருக்கமாக: வரவில் நேரடிச் செலவு போக மொத்த லாபம், அதில் மேல்செலவு போக நிகர லாபம். மேல்செலவு நாளைப் பொறுத்தது, ஆகவே நாள் கூடினால் லாபம் தானே கரையும்.

"பதினஞ்சு பர்சன்ட் வச்சிருக்கேன்"

இந்தப் பேச்சில் ஒரு சின்னக் குழி உண்டு. செலவு 20 லட்சம், அதன் மேல் 15 சதவீதம் வைத்து 23 லட்சம் என்று சொல்கிறீர்கள். லாபம் 3 லட்சம். ஆனால் 23 லட்சத்தில் 3 லட்சம் என்பது 13 சதவீதம்தான். விலையில் 15 சதவீதம் நிற்க வேண்டுமானால் 20 லட்சத்தை 0.85 ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 23,53,000 வரும். செலவின் மேல் வைப்பதும் விலையில் நிற்பதும் வேறு வேறு சதவீதம்.

அடுத்து வீட்டுக்காரர், "அஞ்சு பர்சன்ட் குறைச்சுக்கங்க தம்பி" என்கிறார். 23 லட்சத்தில் 5 சதவீதம் 1,15,000. அது உங்கள் 3 லட்சத்திலிருந்து போகிறது. ரேட்டில் குறைந்தது 5 சதவீதம், லாபத்தில் குறைந்தது 38 சதவீதம். குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ரேட்டைக் குறைத்தால் வேலையிலும் எதையாவது குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் கட்டணத் தவணைகளை முன்னே நகர்த்தித் தரச் சொல்லுங்கள்.

உற்பத்தித்திறன் என்றால் ஆளை விரட்டுவதா?

இந்தத் தொழிலில் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இது. உற்பத்தித்திறன் என்பது ஓர் ஆள் நாளுக்கு எவ்வளவு வேலை முடிந்தது என்ற கணக்கு. ஆள் நாள் என்றால் ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை. நாலு பேர் மூன்று நாள் வந்தால் பன்னிரண்டு ஆள் நாள்.

பூச்சு வேலையை எடுத்துக்கொள்வோம். உள்சுவர்ப் பூச்சில் ஒரு கொத்தனார் நாளைக்குச் சுமார் 100 சதுர அடி முடிப்பார். நாலு கொத்தனார், ஐந்து சித்தாள் வருகிறார்கள். கொத்தனாருக்கு 1,000, சித்தாளுக்கு 600 என்றால் நாள் கூலி 7,000. நானூறு சதுர அடி முடிந்தால் சதுர அடிக்கு பதினேழரை ரூபாய் விழுகிறது.

காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய பி-சாண்ட் (பூச்சுக்கான நைஸ் மணல்) லாரி பதினொரு மணிக்கு வந்தது. எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி போச்சு. வேலை 300 சதுர அடியில் நின்றது, கூலி அதே 7,000. சதுர அடிக்கு 23 ரூபாய்க்கு மேல். கொத்தனாரின் கை வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. அவர் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சாயங்காலம் அவரை விரட்டி நூறு சதுர அடியை ஈடுகட்டச் சொன்னால் பூச்சு சுவரில் ஒட்டாமல் பொக்கு விழும். அதைக் கொத்தி எடுத்து, குப்பையை அள்ளி, திரும்பப் பூச வேண்டும். ஒரே சுவருக்கு மூன்று கூலி.

என் கணிப்பில், நம் ஊர் சைட்டுகளில் கூலி வீணாவது சோம்பலால் கொஞ்சம், காத்திருப்பால் நிறைய. ஆட்கள் சரியில்லை என்று புலம்பும் முன் ஒரு வாரத்துக்கு எந்த நேரத்தில் யார் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று மட்டும் சூப்பர்வைசரைக் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மோட்டார், கரண்ட், பலகை, கம்பி, வீட்டுக்காரரின் முடிவு, இன்ஜினியரின் வரைபடம் என்று பட்டியல் நீளும். "இன்ஜினியர் சார் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்னாரு" என்ற ஒரு வரிக்கே பல ஆயிரம் போயிருக்கும்.

தவிர்க்க முடியாத காத்திருப்பு

எல்லாக் காத்திருப்பையும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. கான்கிரீட்டுக்கு அதன் நாளைக் கொடுத்தாக வேண்டும். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலைப்படி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். கலப்புச் சிமென்ட்டுக்கும், சூடும் வறட்சியும் உள்ள இடத்துக்கும் 10 நாள். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலுக்கு இரண்டாவது கணக்குதான். சாதாரண சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுக்கு, தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம் நாலரை மீட்டருக்குள், அதாவது சுமார் 15 அடிக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) வாடகை ஏறுகிறது என்று ஐந்தாம் நாளே முட்டுகளைப் பிரிப்பவர் லாபம் பார்ப்பதில்லை, வீட்டுக்காரர் தலைமேல் கூரையோடு சூதாடுகிறார்.

அந்த நாட்களில் உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு சைட் வைத்திருப்பதன் உண்மையான பயன் இங்கே வருகிறது. ஒன்றில் தளம் காயும்போது இன்னொன்றில் சுவர் எழ வேண்டும். இரண்டிலும் ஒரே வாரத்தில் தளம் போட்டால் இரண்டு செட் பலகை வாடகைக்கு எடுக்க வேண்டும், அப்புறம் எல்லா ஆளும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பார்கள். சைட்டுகளை ஏணிப்படி மாதிரி முன்னும் பின்னுமாக நிறுத்த வேண்டும்.

வேலை வரிசையும் இதோடு சேர்ந்தது. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்த பிறகுதான் பூச்சு. அவர் வர நாலு நாள் ஆகும் என்று பூசிவிட்டால், பூசிய சுவரையே வெட்டுவார்.

நம் பக்கத்துக்கென்று ஒரு பொறி உண்டு. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆகவே "தையில் பால் காய்ச்சணும்" என்று பேசுகிற வீடு நிறைய. அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை நமக்கு வடகிழக்கு மழைக் காலம். தை முகூர்த்தத்துக்குப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் வெளிப்பூச்சும் பெயின்ட்டும் சரியாக அந்த மழையில் போய் விழும். புரட்டாசிக்குள் தளம் முடிந்து வெளிப்பூச்சும் ஒப்பேறிவிட்டால் மழை மாதங்களை டைல்ஸ், மின்சாரம், மர வேலை என்று உள்ளேயே ஓட்டலாம். தளமே ஐப்பசியில் என்றால் தையை மறந்துவிடலாம். இதை வேலை பேசும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். "பார்த்துக்கலாம் அண்ணே" என்று இழுத்தால் தை பிறக்கும்போது எல்லாக் கான்ட்ராக்டரும் ஒரே பெயின்டரைத் தேடுவார்கள்.

இதுவரை பார்த்தது: உற்பத்தித்திறன் காத்திருப்பைக் குறைப்பதில் இருக்கிறது. குறைக்க முடியாத காத்திருப்பை வேறு வேலையால் நிரப்ப வேண்டும்.

சைட் கூடினால் லாபம் கூடுமா?

ஒரு செட் ஆட்கள் முழுமூச்சாக நின்றால் ஒரு வீட்டை நாலு மாதத்தில் முடிப்பார்கள் என்று வைப்போம். இரண்டு வீட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதல் வீடு நாலாம் மாதம், இரண்டாவது எட்டாம் மாதம். இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்து, இன்று இங்கே நாளை அங்கே என்று ஆட்களைப் பிரித்தால் இரண்டுமே எட்டாம் மாதம். இரண்டாவது வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் மிச்சமில்லை. முதல் வீட்டின் கடைசி பில் மட்டும் நாலு மாதம் தள்ளிப்போகிறது.

தளம் காயும் நாட்களை நிரப்ப இரண்டாவது சைட் நல்லது. ஆள் பலம் இரண்டுக்குத்தான் என்றால் ஐந்து எடுப்பது, ஐந்து வீட்டுக்காரரிடமும் திட்டு வாங்குவதற்கான ஏற்பாடு.

கம்பித் துண்டும் ஆத்தங்குடிக் கல்லும்

பொருள் விரயம் என்றால் எல்லோரும் சிந்திய சிமென்ட்டைத்தான் பார்ப்பார்கள். கம்பியைப் பாருங்கள். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 0.89 கிலோ. உங்களுக்கு 5 மீட்டர்த் துண்டு வேண்டும். ஒரு கம்பியில் இரண்டு துண்டு கிடைக்கும், 2 மீட்டர் மிஞ்சும். கம்பி கட்டுபவர் அதை ஓரமாகத் தூக்கிப் போடுவார். ஆறில் ஒரு பங்கு கம்பி அந்த ஓரத்தில் கிடக்கிறது, கடைசியில் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போகிறது. வெட்டுவதற்கு முன்பே எந்த நீளத்தில் எத்தனை துண்டு வேண்டும் என்று பட்டியல் போட்டு, அந்த 2 மீட்டர் ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்கு ஆகுமா என்று பார்த்தால் இதில் பெரும்பகுதி தப்பும். ஒரு மணி நேர எழுத்து வேலை.

ஆத்தங்குடிக் கல் வேறு வகைப் பாடம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணத்தைக் கையால் ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்திச் செய்வது. தண்ணீரில் ஊறி, காய்ந்து வரவும் நாள் பிடிக்கும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் டைல்ஸ் மாதிரி நினைத்து, தரை போடும் வாரத்தில் ஆர்டர் கொடுத்தால் ஆட்கள் சும்மா இருப்பார்கள். பத்துக் கல் குறைந்து பிறகு கேட்டால் வண்ணம் கொஞ்சம் மாறி வரும், கைவேலை அப்படித்தான். தளம் போடும்போதே உடைசலுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

பழைய வீட்டுக்குச் சதுர அடி ரேட் ஆகாது

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீட்டைச் செப்பனிடும் வேலை நிறைய வருகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. ஹோட்டலாக மாறிய வீடுகளும் உண்டு. புதுக் கான்ட்ராக்டர்கள் இதற்கும் சதுர அடி ரேட் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) கூரையின் நாலு ஓடுகளை எடுத்துப் பார்த்தால்தான் கட்டை செல்லரித்தது தெரியும். சுண்ணாம்புப் பூச்சு சிமென்ட் வேகத்துக்கு வராது, தெரிந்த கையும் குறைவு. இப்படிப்பட்ட வேலைக்குக் கண்ணில் தெரிகிறதை இனவாரியாக விலை பேசி, பிரித்தால்தான் தெரியும் என்பதை நாள் கூலியும் பொருள் விலையும் என்று தனியாகப் பேசுவதே பத்திரம். பங்காளிகள் எட்டுப் பேர் எட்டு ஊரில் இருக்கும் வீடென்றால், முடிவு சொல்லவும் பணம் அனுப்பவும் ஒருவர் பெயரை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்கும் பணம் யாருடையது?

ஆரம்பத்தில் கேட்ட நாற்பதாயிரம் இங்கே இருக்கிறது. "ரொட்டேஷன்ல ஓடுது" என்பார்கள். இரண்டாவது வீட்டின் அட்வான்ஸில் முதல் வீட்டுக்கு டைல்ஸ் வாங்குவது, மூன்றாவது வீட்டின் அட்வான்ஸில் இரண்டாவது வீட்டுக்குத் தளம் போடுவது. புது வேலை வந்துகொண்டிருக்கும்வரை பை நிறைந்தே இருக்கும். ஒரு ஆடி மாதம் புது வேலை வராவிட்டால் எல்லாச் சைட்டும் சேர்ந்து நிற்கும்.

அட்வான்ஸ் வருமானம் ஆகாது. செய்ய வேண்டிய வேலைக்கான கடன் அது. ஜிஎஸ்டியும் அப்படியே. பொருளோடு எடுத்துக் கட்டும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் வாங்குகிறீர்கள் என்றால், பொருளுக்குக் கட்டிய வரி போக மிச்சம் அரசாங்கத்துப் பணம், உங்கள் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவே.

மருந்து பழையது. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்து, பேரேடும் ஐந்தொகையும் (வரவு, செலவு, கடன் எல்லாம் தொகுத்த கணக்கு) கொண்டு கணக்கை ஊருக்கு அனுப்பிய மண் இது. ஒவ்வொரு சைட்டுக்கும் தனிப் பேரேடு போடுங்கள். வந்த பணம், போன பணம், முடிந்த வேலையின் மதிப்பு என்று மூன்று நெடுவரிசை போதும். வந்த பணம் முடிந்த வேலையைவிடக் கூட இருந்தால் அந்த வித்தியாசம் வீட்டுக்காரருடையது. குறைவாக இருந்தால் உங்கள் பணம் அங்கே சிக்கியிருக்கிறது, தவணை கேட்கும் நேரம் வந்துவிட்டது.

சில்லறை வேலை

மேலே கணக்கில் 50,000 காணாமல் போனது நினைவிருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாமல் நடுவில் கேட்கப்படும் வேலைக்குக் கூடுதல் வேலை என்று பெயர். முகத்துக்கு நேரே காசு பேசக் கூச்சப்பட்டு, கடைசியில் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவார்கள். கடைசியில் கேட்டால் வீட்டுக்காரருக்கு அது கொள்ளை மாதிரித் தெரியும், பாதி மனஸ்தாபம் இங்கேதான் பிறக்கிறது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தாலும் வாட்ஸ்அப் இருக்கிறது. "ஆச்சி, மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி கேட்டீங்க. 18,000 ரூபாய் ஆகும், நாலு நாள் கூடும். சரின்னு ஒரு வார்த்தை போட்டுருங்க, ஆரம்பிச்சிடுறோம்." அவர் "சரி" என்று போட்ட பிறகு மரத்தை அறுங்கள். நாலு நாள் என்பதையும் எழுதியாக வேண்டும். மாதம் 20,000 மேல்செலவு என்ற கணக்கில் அந்த நாலு நாளின் விலை ஏறக்குறைய 2,700 ரூபாய். அலமாரிக்கு மரமும் கூலியும் 15,300 என்றால், 18,000 கேட்டும் உங்களுக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. 20,000 சொல்லுங்கள்.